கதிரவன் இல்லத்து வெள்ளிவாட்செடி

கோயிலுக்குச் செல்லும் அடியவர் ஒருவர் செவ்வந்தி ஒன்றைக் கொய்து இறைவன் திருவடியிற் சாத்துவாராயின், தாம் சாத்தியது ஒரு பூவென்றே எண்ணுவர். தாவரவியலார் அதனை ஒப்பார். அவர்தம் கணக்கின்படி அது, பல சிறு பூக்கள் ஒரே தட்டில் நெருங்கியிருந்து ஒரு பூவேபோலத் தோற்றும் கூட்டமாகும். விளிம்பிலே இதழ்போல நீண்டிருப்பது ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுவே பொட்டுப்போலத் திரண்டிருப்பனவும் தனித்தனிப் பூக்களே. இவ்வாறமைந்த கூட்டத்தைத் தலையுருப் பூந்துணர் என்பர். இதனைச் சிறப்படையாளமாக உடைய செடிகொடிகளை ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணுவர். சூரியகாந்திக் குடும்பம் என நாம் கல்லூரியிற் கற்ற குடும்பம் இதுவே.

நாம் தாவரவியல் பயின்ற காலத்திலே எம் ஆசிரியர் சூரியகாந்தித் தலையொன்றைச் சவர அலகாற் பிளந்து, கைவில்லையினூடாக நோக்கும்படி பணித்தார். எத்தனை பூக்கள் உள்ளன என்று எண்ணிச் சொல்லுமாறும் கேட்டார். எண்ணத் தொடங்கிய நண்பர் ஒருவர் முந்நூற்றைக் கடந்துகொண்டிருக்கையில் மணி அடித்துவிட்டது. மறுநாள் தலை வாடிப்போயிற்று. அக்கணக்கு இன்றுவரை முடிவுபெறவில்லை. ஆயினும் ஒரு பூவென்று கண்டது ஓர் ஊரே என்னும் வியப்பு எம் நெஞ்சினின்றும் நீங்கிற்றில்லை.

இக்குடும்பத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. எம்மவர் வாழ்வோடு கலந்தனவும் பல. கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்ச உதவும் கரிசலாங்கண்ணி இக்குடும்பத்தது. கிணற்றடியிலும் வேலியோரத்திலும் மஞ்சட் பொட்டுப்போலப் பூக்கும் மூக்குத்திப்பூண்டும் இதன்பாற்பட்டதே. 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே புகுந்து, தோட்டநிலங்களைக் கவர்ந்து, தொட்டார் தோலைப் புண்ணாக்கும் பார்த்தீனியமும் இக்குடும்பத்துப் பிள்ளைதான். ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே குணத்தினர் ஆவரோ? ஒருத்தி எங்கும் பரந்து ஊரை அலைக்கழிக்கின்றாள். மற்றொருத்தி உலகத்தின் ஒரேயொரு மலையுச்சியிலே, எண்ணி முடிக்கக்கூடிய தொகையினளாய், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கின்றாள். இக்கட்டுரை அவளைப் பற்றியது.

நாம் கண்ட அளவில் இக்குடும்பத்தார் பெரும்பாலும் முழங்காலளவு உயரும் பூண்டுகளே. ஆயினும் வேறு மரங்கள் எளிதிற் சென்றடையாத தனி மலைகளிலும் தீவுகளிலும் இவர்கள் தண்டு தடித்துச் செடியாகவும் மரமாகவும் வளர்தல் உண்டு. கிளிமஞ்சாரோ மலையிலும் அந்தீசு மலைத்தொடரிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இத்தகையோரைக் காணலாம். ஹவாய்த் தீவுகளிலுள்ள வெள்ளிவாட்செடி அவ்வரிசையிலே மிக அழகியது. மிக அருகியதும் ஆகும். நாம் அதனை நேரிற் கண்டோமல்லோம். கண்டோரும் ஆய்ந்தோரும் எழுதியவற்றைப் பன்னாட் கற்று, அக்கல்வியாற் பிறந்த விருப்பினாலேயே எழுதத் துணிந்தோம்.

ஹவாய்த் தீவுகள் பசிபிக் மாகடலின் நடுவே, எக்கண்டத்துக்கும் அணித்தாக இல்லாது கிடக்கின்றன. கடலடியினின்று எரிமலைகள் எழுந்து உண்டான தீவுகள் அவை. அவற்றுள் மௌயி என்னும் தீவிலே ஹலேயாக்கலா என்னும் மலை 3,055 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. எங்கள் பீதுருதாலகால மலையினும் அஃது அரைக் கிலோமீற்றர் மிக்கது. ஹலேயாக்கலா என்பதற்குக் கதிரவன் இல்லம் என்பது பொருள். கதிரவன் விரைந்து ஓடியமையால், தன் தாய் அடித்துச் செய்த மரவுரித் துணி உலரவில்லை என்று கண்ட மௌயி என்னும் வீரன், இம்மலையுச்சியில் ஒளிந்திருந்து, கதிரவனுடைய கால்களைக் கயிற்றாற் சுருக்கிட்டுப் பிடித்து, மெல்லச் செல்லுமாறு உடன்படுத்தினான் என்பது அத்தீவினரின் பழங்கதை. மலையின் தலையிலே பெரும்பள்ளம் ஒன்று உண்டு. எரிமலை வாய் என்று யாவரும் வழங்கினும், அது பெரும்பாலும் நீரோட்டங்கள் அரித்துத் தோண்டிய பள்ளமே. பின்னர் எழுந்த சிறு எரிமலைகள் அதனுள்ளே செந்நிறமும் கருநிறமுமான கூம்புகளாக நிற்கின்றன. புல்லும் அரிதாகிய அச்சரளைச் சரிவுகளிலே, யாரோ வெள்ளிப் பந்துகளை எறிந்துவிட்டுப் போனாற்போல, ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாக இச்செடி வீற்றிருக்கும்.

வீற்றிருக்கும் என்றது அதன் தோற்றம் பற்றியே. தண்டு தரையோடு ஒட்டிக் குறுகியிருக்க, வாள்போன்ற ஒடுங்கிய இலைகள் நூற்றுக்கணக்கில் அதனைச் சூழ்ந்து, நுனிகள் உட்புறமாக வளைந்து உருண்டையாகத் திரண்டிருக்கும். முதிர்ந்த செடி அரை மீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையதாகலாம். இலைமேல் வெண்பட்டுப்போன்ற மயிர்கள் அடர்ந்து படிந்திருத்தலாற் பச்சை நிறம் மறைந்து வெள்ளி நிறமே தோன்றும். தீவின் மக்கள் இதனை ஆஹினாஹினா என்பர். வெளிறிய சாம்பல் நிறத்தைக் குறிக்கும் சொல் அது. தாவரவியலார் இதன் சாதிக்கு இட்ட ஆர்கிரொக்சிபியம் என்னும் பெயரும் கிரேக்க மொழியில் வெள்ளியையும் வாளையும் குறிக்கும் சொற்களால் ஆயதே. சான்விசென்சே என்பது இனப்பெயர். கப்டன் குக் இத்தீவுகளுக்குச் சான்விச் பிரபுவின் பெயரை இட்டமையால் வந்தது அப்பெயர். பிரபுவின் பெயர் தீவுகளை விட்டு நீங்கிற்று. செடியை விட்டு நீங்கவில்லை.

இனி இச்செடி அவ்விடத்தே உயிர்வாழ்தல் எங்ஙனம் என ஆராய்வாம். அம்மலையுச்சியில் நண்பகல் வெயில் கடுமை மிக்கது. காற்று அடர்த்தி குன்றியிருத்தலால் ஊதாக் கடந்த கதிர்களும் மிகுதியாகப் படும். இரவிலோ நீர் உறையும் அளவுக்குக் குளிர் சூழும். மழை பெய்யினும் எரிமலைச் சரளை அதனைத் தேக்கி வைப்பதில்லை. சல்லடையில் வார்த்த நீர்போல அது கீழிறங்கிவிடும். காற்றும் ஓயாது வீசி ஈரத்தைக் கவர்ந்து செல்லும். ஒரே நாளில் பாலைநிலத்து வெம்மையையும் பனிநிலத்துத் தண்மையையும் தாங்கவேண்டிய நிலை இது. வெள்ளி மயிர்கள் முதற் காப்பாகும். அவை ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி எறிகின்றன. இலையை ஒட்டியுள்ள காற்றை அசையாது நிறுத்தி நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன.

இரண்டாவது காப்பு இலையின் உள்ளே உள்ளது. ஏனைய செடிகளின் இலையை அரிந்து பார்த்தாற் கலங்களுக்கிடையே காற்றிடைவெளிகள் காணப்படும். இச்செடியின் இலையிலோ அவ்விடைவெளிகளுட் பல பசைபோன்ற ஒருவகைக் கூழால் நிரம்பியுள்ளன. கற்றாழை மடலை ஒடித்தார் கண்ட கூழை ஒத்தது அது எனலாம். மழை பெய்த காலத்து அது நீரை உறிஞ்சிப் பருக்கும். வறண்ட காலத்திற் சிறிது சிறிதாகக் கலங்களுக்கு ஈயும். எம்மூரார் மாரிகாலத்து நீரைக் கேணியிலும் குளத்திலும் தேக்கிக் கோடையைக் கடக்கும் முறையும் இதுவன்றோ?

மூன்றாவது காப்பே விந்தையானது. இலைகள் உட்புறம் வளைந்து கிண்ணம்போல அமைதலால், அவற்றிற் பட்டுத் தெறிக்கும் வெயில் நடுவிலுள்ள இளமுளையின்மேற் குவிகின்றது. குளிர்ந்த மலைக்காற்றிலே முளை தன் சூழலினும் வெம்மையுற்று வளர்ச்சி தடைப்படாது நிகழ்கின்றது. ஆனால் உச்சியிலே உதவுவது தாழ்ந்த இடத்திலே தீங்காகும். காற்றே வெப்பமாக உள்ள சரிவில் அக்கிண்ணம் முளையை வாட்டத் தலைப்படும். தனக்கென்று அமைத்துக்கொண்ட வீட்டைவிட்டுக் கீழிறங்க இயலாதவாறு அதன் அமைப்பே அதனைப் பிணித்து வைத்துள்ளது. இதனை வாசகர் நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

ஆண்டுகள் பல செல்லும். இருபது ஆண்டிற் பூக்கும் செடியும் உண்டு; தொண்ணூறு ஆண்டளவு காத்திருப்பதும் உண்டு என்பர். எப்பொழுது பூக்கும் என்று முன்னறிந்து சொல்வார் இலர். பின்னர் ஒருநாள் உருண்டையின் நடு விரியத் தொடங்கும். சில கிழமைகளுக்குள் அதனூடே பூந்தண்டு எழுந்து, ஆளுயரத்துக்கும் மேலாகச் சில வேளை இரண்டு மீற்றர் வரை ஓங்கும். தண்டைச் சுற்றிலும் ஐம்பது முதல் அறுநூறு வரையான பூந்தலைகள் தலைகவிழ்ந்து நிற்கும். விளிம்புப் பூக்கள் கருஞ்சிவப்பு. நடுவே மஞ்சளும் ஊதாவும் கலந்திருக்கும். ஒவ்வொரு தலையிலும் சிறு பூக்கள் பலப்பல என்பதை மேலே கூறினோம். ஆகவே ஒரு செடி ஒரு பருவத்திலே பூக்கும் பூக்களின் தொகையை வாசகரே கணித்துக்கொள்க. எம் நண்பர் எண்ணத் தொடங்கினால் இன்னொரு பொன்விழா வந்துவிடும்.

விதைகள் முதிர்ந்ததும் செடி மடிகின்றது. தன்னிடம் இருந்த நீரையும் உணவையும் முழுவதும் பூந்தண்டுக்கு ஈந்துவிட்டமையால் எஞ்சியது ஒன்றுமில்லை. சாம்பல் நிறங்கொண்ட எலும்புக்கூடுபோல வற்றிய தண்டு மட்டும் நெடுநாள் நிற்கும். ஒருமுறை பூத்து மடிதல் எமக்குப் புதியதன்று. வாழையை நாம் நாடோறும் காண்கின்றோம். ஆனால் வாழைக்குக் கன்றுகள் உண்டு. தாளிப்பனை பல்லாண்டு வளர்ந்து, தலைமேல் மாபெரும் பூந்துணரை ஒருமுறை ஏந்திப் பட்டுப்போதலைப் பேராதனைப் பூங்காவிற் கண்டோர் இருப்பர். மலைநாட்டு நெலுச் செடிகள் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை கூட்டமாகப் பூத்து, கூட்டமாக மடிகின்றன. வெள்ளிவாட்செடிக்குக் கன்றும் இல்லை. ஊரெல்லாம் ஒருங்கு பூக்கும் ஒழுங்கும் இல்லை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பூக்கும். சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணுமளவே பூக்கும்.

இதனால் வரும் இடர் பெரிது. இச்செடி தன் மகரந்தத்தாற் றான் கருவுறாது. பிறிதொரு செடியின் மகரந்தம் வேண்டும். அண்டையிலே வேறு செடி பூவாத ஆண்டிற் பூத்தது, அறுநூறு தலைகளைத் தாங்கினும் மலடாகவே மடியலாம். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பார் யாவரெனின், மஞ்சள்முகத் தேனீக்கள் என்னும் சிறிய தேனீக்களும் வேறு சில பூச்சிகளுமாம். ஹவாய்த் தீவுகளுக்கு இயற்கையாகவே உரிய தேனீக்கள் இவ்வொரு சாதியனவே. அவற்றுள் மலையிலுள்ளன நிலத்திலே கூடு செய்வன. 1967 இல் அம்மலையிலே ஆர்ச்சன்ரீன எறும்பு என்னும் அயல்நாட்டு எறும்பு முதன்முறையாகக் காணப்பட்டது. ஹவாய்த் தீவுகளுக்கு இயல்பாக உரிய எறும்பு ஒன்றேனும் இல்லை. ஆதலால் அங்குள்ள தேனீக்கள் எறும்பினின்று தம்மைக் காக்கக் கற்றிருக்கவில்லை. அவ்வெறும்பு அவற்றின் குஞ்சுகளை உண்கின்றது. எறும்பு பரவிய இடத்துத் தேனீ குறைகின்றது. தேனீ குறைந்த இடத்து விதை குறையும். தொண்ணூறு ஆண்டு காத்திருந்த செடியின் பயன், பொதிகளோடு வந்திறங்கிய ஓர் எறும்பைப் பொறுத்ததாகி விட்டது.

இச்செடி அத்தீவுக்கு எங்ஙனம் வந்தது என்பது நெடுங்காலம் விடுவிக்கப்படாத வினாவாக இருந்தது. அமெரிக்கத் தாவரவியலாராகிய ஷேர்வின் கார்ல்குவிஸ்ட் என்பார் 1950களில் இதன் உள்ளமைப்பை நுணுகி நோக்கி, கலிபோர்னியாவிலே வளரும் தார்ப்பூண்டுகளோடு இஃது உறவுடையது என்றார். தொட்டாற் பிசுபிசுவென்று ஒட்டுகின்ற எளிய பூண்டுகள் அவை. தார்போன்ற அப்பசையாலேயே அப்பெயர் பெற்றன. பலர் நம்பவில்லை. நம்புதலும் எளிதன்று, கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் இடையே ஏறக்குறைய 3,900 கிலோமீற்றர் கடல் உண்டு. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள தொலைவை ஒன்பது மடங்கு வைத்தாலன்றி அது நிரம்பாது. 1991 இல் புரூஸ் போல்ட்வின் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் பச்சையவுருமணியின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டு, கார்ல்குவிஸ்ட் கூறியதே மெய்யென நிறுவினர். வெள்ளிவாட்செடியின் பூந்தண்டைத் தொட்டாலும் கையில் ஒட்டும். அப்பசையே சான்றாக எந்நாளும் அங்கிருந்தது. பறவையொன்றின் இறகிலே ஒட்டிய கனி ஒன்றோ சிலவோ கடல் கடந்து வந்திருத்தல் கூடும் என்பதே அறிஞர் கருத்து.

வந்தது ஏறக்குறைய ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் என்பர். அன்று ஹலேயாக்கலா மலை கடலினின்று எழவேயில்லை. வடமேற்கிலுள்ள பழைய தீவுகளிற் குடியேறிய வழித்தோன்றல்கள், புதுத்தீவுகள் தோன்றத்தோன்ற அவற்றுக்குத் தாவி, சென்ற இடத்துக்கேற்ப உருமாறின. இன்று இக்கூட்டத்திலே முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் மூன்று சாதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. மரமாக உயர்ந்தது உண்டு. மரத்தைப் பற்றி ஏறும் கொடி உண்டு. மழை ஓயாத சதுப்பிலே மெத்தைபோற் படர்வதும் உண்டு. கூர்ப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்று மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர்கள், டார்வினுடைய கலப்பகோசுக் குருவிகளோடு இதனையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எம் கருத்தில், குருவிகளினும் இவையே சிறந்த எடுத்துக்காட்டு. குருவிகளிடத்து மாறியது பெரும்பாலும் அலகும் உடலளவுமே; இங்கோ உடல் முழுவதும் மாறியுள்ளது. இத்துணை வேறுபட்டும் இவை ஒன்றோடொன்று கலந்து இன்றும் கலப்புப்பிறப்புக்களை உண்டாக்குகின்றன. உடன்பிறந்தார் என்பது அதனாலும் தெளியப்படும்.

மேனாட்டுத் தாவரவியலாருள் இதனை முதற்கண்டவர் ஜேம்ஸ் மக்ரே என்பார். இலண்டனிலே 1824 இல் சின்னமுத்து நோயால் இறந்த ஹவாய் அரசனதும் அரசியினதும் உடல்களைத் தாங்கிச் சென்ற ‘புளொண்ட்’ என்னும் கப்பலிலே அவர் சென்றார். 1825 இல், ஹவாய் என்றே பெயர்பெற்ற பெருந்தீவிலுள்ள மௌனா கேயா மலையில் ஏறியபோது, வேறு மரஞ்செடி அற்ற உயரத்திலே இதனைக் கண்டு, இதைக் காண்பதற்காகவே இவ்வளவு தொலை வரலாம் என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். 1834 இல் அதே மலையில் ஏறிய டேவிட் டக்ளஸ் என்பாரும் இதனைச் சேகரித்தார். அவ்வாண்டு யூலை மாதத்திலே அம்மலைச் சாரலில், காட்டுமாடு பிடிக்கத் தோண்டப்பட்ட குழியொன்றில் அவர் இறந்து கிடக்கக் காணப்பட்டார். குழிக்குள்ளே காளை ஒன்றும் நின்றது. அம்மாடுகள் எங்கிருந்து வந்தன? 1793 இல் கப்டன் வன்கூவர் கமேகமேகா மன்னனுக்குப் பரிசிலாகக் கொடுத்த மாடுகளின் வழிவந்தன. அவை பெருகும்வரை கொல்லலாகாது என மன்னன் தடைவிதித்தான். அவை அளவின்றிப் பெருகின. செடியைத் தேடிச் சென்றவரை மாய்த்த அக்கால்நடைகளின் கூட்டமே பின்னர்ச் செடியையும் மாய்க்கத் தலைப்பட்டது.

மாடு, ஆடு, செம்மறி என்னும் குளம்புடைய விலங்குகள் மனிதர் கொண்டுவருமுன் அத்தீவுகளில் இருந்ததில்லை. ஆதலால் அங்குள்ள செடிகளுட் பெரும்பாலானவற்றுக்கு முள்ளில்லை, நஞ்சும் அரிது. வெள்ளிவாட்செடியின் சாறுமிக்க இலைகளும் இளம் பூந்தண்டும் வறண்ட மலையில் அலையும் ஆட்டுக்குக் கிடைத்தற்கரிய விருந்து. பூந்தண்டைத் தின்றுவிட்டால் அச்செடியின் வாழ்நாட்பயன் முழுவதும் அன்றே போயிற்று. மனிதரும் பின்னிற்கவில்லை. மலையுச்சி கண்டதற்குச் சான்றாகச் செடியைப் பிடுங்கிச் செல்லுதல் ஒரு வழக்கமாயிற்று. வேரோடு பெயர்த்துச் சரிவிலே உருளவிட்டு மகிழ்தலும் விளையாட்டெனக் கருதப்பட்டது. ஐம்பது ஆண்டு வளர்ந்த ஒன்றை ஒரு கணச் சிரிப்புக்காக உருட்டியவர்கள் கொடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. அது வயதுடையது என்பதை அவர்களுக்குச் சொல்வார் இருக்கவில்லை. 1920களிலே மலை முழுவதிலும் சில ஆயிரம் செடிகளே எஞ்சின.

1916 இல் ஹலேயாக்கலாவின் உச்சி தேசியப் பூங்காவின் பகுதியாயிற்று. 1961 இல் தனிப் பூங்காவாகப் பிரிந்தது. செடியைத் தொடலாகாது என விதி வகுத்தனர், ஆடுகளைத் துரத்தினர், 1980களிலே வேலி அடைத்து அவற்றை உள்ளே வாராது தடுத்தனர். வேர்கள் தரையின் மேற்பரப்பிலேயே பரந்திருத்தலால், அண்மையில் நடப்பினும் அவை நசுங்கும் என்று கூறி, வருவோரைப் பாதையோடு நிற்கச் செய்தனர். செடி மீண்டும் பெருகியது. 1990களின் முற்பகுதியிலே அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டன உள எனக் கணித்தனர். 1992 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமெனச் சட்டப்படி அறிவித்தது. காப்பதற்கு வேண்டியது ஒரு வேலியும் சிறிது பொறுமையுமே என்று பலர் எண்ணியிருத்தல் கூடும்.

அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. 1990களுக்குப் பின்னர்ச் செடிகள் மீண்டும் குறையலாயின. ஆடு தின்ற அடையாளம் இல்லை, நோயும் இல்லை. நின்ற நிலையிலேயே வெள்ளி நிறம் மங்கி, இலை சுருங்கிச் செத்தன. இதனை ஆராய்ந்த போல் குருஷெல்னிக்கி முதலியோர் 2013 இல் வெளியிட்ட முடிபு பின்வருமாறு. வியாபாரக் காற்றுக் கடலினின்று ஈரத்தைக் கொணர்ந்து மலையில் மோதி முகிலாக மேலேறும். ஏறத்தாழ 2,000 மீற்றருக்கு மேலே வெப்பமான வறண்ட காற்றுப் படையொன்று பானைக்கு மூடிபோலக் கிடத்தலால் முகில் அதனைக் கடந்து எழ மாட்டாது. மூடி விலகும் நாட்களிலேதான் உச்சிக்கு மழையும் பனிமூட்டமும் கிடைக்கும். அண்மைப் பத்தாண்டுகளில் அம்மூடி விலகாது கிடக்கும் நாட்கள் மிகுந்தன. மழை குறைந்தது, முகிலற்ற வானத்து வெயில் கூடியது. இவ்வாறு வறண்ட காலங்களிலே செடிகள் மடிந்தன.

இதிலே எதிர்பாராத ஒன்று உண்டு. வறட்சி மிக்க உச்சியிலே சாவு மிகும் என்றே எவரும் கருதுவர். மிகுந்ததோ தாழ்ந்த சரிவுகளிலே, முன்னாளில் ஈரம் கூடுதலாகக் கிடைத்த இடங்களிலேயாம். ஈரத்துக்குப் பழகியவை வறட்சியைத் தாங்கும் வலிமையிற் குறைந்திருந்தன. அப்படியாயின் மேலே ஏறிப் பிழைக்கலாமே எனின், மேலே இடமில்லை. மலை 3,055 மீற்றரில் முடிகின்றது. கீழே வெப்பம், கிண்ணம்போன்ற இலையமைப்பு அங்கே உதவாது என்று முன்னர்க் கூறினோம். ஆடு வாராது வேலி அடைக்கலாம். முகில் போகாது வேலி அடைக்கும் வகை யாரும் அறியார். பூங்காவினர் இப்போது செய்வது, விதைகளைச் சேமித்தலும், வறட்சி தாங்கும் செடிகள் எவையெனத் தேர்தலும், நாற்றுக்களை வளர்த்து நடுதலுமாம்.

மௌனா கேயா மலையின் வெள்ளிவாட்செடி இதே இனத்தின் மற்றொரு கிளை. மக்ரேயும் டக்ளசும் கண்டது அதுவே. அதன் கதை இன்னும் இரங்கத்தக்கது. 4,207 மீற்றர் உயர்ந்த அம்மலையைச் சுற்றி ஒருகாலத்திலே பரந்து நின்ற செடி, செம்மறிகளின் வாய்க்குத் தப்பி, வைலுக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைகளிலே சில பத்துச் செடிகளாக ஒடுங்கியது. 1986 இல் அது அழியும் நிலையிலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது. அம்மலைக் காட்டிலே வாழும் பலீலா என்னும் சிறு பறவையின் பெயராலே செம்மறிகளையும் ஆடுகளையும் அகற்றக் கோரி வழக்கொன்று தொடுக்கப்பட்டு, 1979 இல் பறவையின் பக்கம் தீர்ப்பாயிற்று. 1981 இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைபெற்றது. வழக்காளி பறவை என்பதை எம் பழைய மாணவருள் வழக்கறிஞராயுள்ளோர் நயப்பர். மனுநீதிச் சோழன் கதையில் மணியடித்தது பசு; இங்கே பறவை. ஆனால் விலங்குகளை மலையினின்று நீக்கும் பணி தீர்ப்பின் பின்னரும் பல்லாண்டு நீண்டது.

இதற்கிடையில் 1970கள் தொடக்கம் நாற்றுக்களை வளர்த்து மலையிலே நட்டு வந்தனர். தொகை நூற்றுக்கணக்கிற் பெருகியதும் மகிழ்ந்தனர். பின்னர்ப் பரம்பரைப் பொருளை ஆய்ந்தபோது, அவையெல்லாம் இரண்டு மூன்று தாய்ச்செடிகளின் வழிவந்தன என்று தெரிந்தது. தன்னினத்து நெருங்கிய உறவின் மகரந்தத்தை ஏலாத செடிக்கு இஃது எத்துணை இடர் என்பது சொல்லாமலே விளங்கும். கூட்டம் பெரிது, ஆனால் மணங்கொள்ளத் தக்க முறையுள்ளார் அதிலே இல்லை. எம்மூர்க் கலியாணத் தரகர்கள் இந்நிலையை உடனே விளங்கிக்கொள்வர்.

ஆகவே வேறு வழி நாடினர். றொபேட் றோபிஷோ என்பாரும் அவருடன் உழைத்தோரும் பாறை விளிம்புகளில் எஞ்சிய பழஞ்செடிகளுள் எது பூக்கின்றது என ஆண்டுதோறும் பார்த்திருந்தனர். பூத்தபோது அப்பாறைகளில் ஏறி இறங்கி அதன் மகரந்தத்தைச் சிறிதளவு எடுத்துவந்து, நட்டு வளர்த்த செடிகளின் பூக்களிலே கையாற் சேர்த்தனர். தேனீ செய்யவேண்டிய பணியை மனிதர் செய்தனர். பூக்கும் பருவம் சில கிழமைகளே. அதைத் தவறவிட்டாற் செடி மடிந்துவிடும், அதனொடு அதன் வழியும் முடிந்துவிடும். அவ்வாறு பெற்ற விதைகள் வொல்கேனோ என்னும் ஊரிலுள்ள அரிய தாவர நாற்றுமேடையிலே முளைப்பிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நாற்றுக்கள் வேலியடைத்த நிலங்களிலே நடப்பட்டுள்ளன. நட்டவர்களுட் பலர், தாம் நட்டது பூப்பதைக் காணும் அளவுக்கு வாழ்தல் அரிது. மலைமேல் அந்நாற்றுக்கள் இப்போது உள்ளங்கையளவு வெள்ளி உருண்டைகளாகச் சரளையிடையே அமர்ந்திருக்கின்றன.